பூட்டிய கதவுக்குள் ஓர் ஆட்டம்

அன்புள்ள ஐயா,

கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தைப் பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் பள்ளி அணிக்குப் படித்துக் காட்டினேன். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளராக அவர் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி என்றதும் ஒரு பெண், "அப்ப அவர் நல்ல கோச் இல்லையா மிஸ்?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது?

உடற்கல்வி ஆசிரியை, கரூர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

கணக்கு சரிதான். அந்த மாணவியிடம் ஜான் மெக்லெண்டனைப் பற்றிச் சொல்லுங்கள்.

1933இல் மெக்லெண்டன் கான்சாஸில் உடற்கல்வி படிக்கச் சேர்ந்தார். கறுப்பின மாணவர்களுக்குப் பல்கலைக்கழக அணியில் இடம் கிடையாது. நீச்சல் குளத்தில் அவர்கள் இறங்கிவிடக் கூடாதென்று, நீச்சல் தேர்வில் நீந்தாமலேயே தேர்ச்சி போட்டுவிடுவார்கள். மெக்லெண்டன் இறங்கி நீந்தினார். அவர் கரையேறியதும் தண்ணீரை வடித்துவிட்டார்கள். அந்த ஊரில் அவருக்குத் துணை நின்றவர் அப்போது பேராசிரியராக இருந்த நெய்ஸ்மித். பந்து எங்கே இருக்கிறதோ அங்கேயே போய் மறிக்க வேண்டும், களம் முழுவதும் ஆட வேண்டும் என்பதை மெக்லெண்டன் அவரிடம்தான் கற்றார்.

1940இல் டர்ஹாம் நகரிலிருந்த வட கரோலினா கறுப்பினக் கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். பையன்களை மூச்சு வாங்க வாங்க ஓடவிட்டு, பந்து கைக்கு வந்த நொடியில் எதிர்க்கூடைக்குப் பாயும் அணியை உருவாக்கினார். அவர்களோடு மோத வெள்ளையர் கல்லூரிகளுக்கு அனுமதியில்லை.

1944 மார்ச் 12, ஞாயிறு. ஊரே தேவாலயத்தில் இருந்த நேரம். டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களின் அணி, முழுக்க வெள்ளையர்கள், சுற்றுவழியில் காரில் வந்து சேர்ந்தது. உடற்பயிற்சிக் கூடத்தின் கதவைப் பூட்டினார்கள். நடுவர் உண்டு, பார்வையாளர்கள் இல்லை. வெளியே தெரிந்தால் என்ன நடந்திருக்கும்? அதே ஆண்டு ஜூலையில் அதே ஊரில் ஒரு கறுப்பினப் படைவீரரைப் பேருந்து ஓட்டுநர் சுட்டுக் கொன்றார். நீதிமன்றம் அவரை விடுவித்தது.

ஆட்டம் 88-44 என்று மெக்லெண்டனின் பையன்கள் பக்கம் முடிந்தது. அப்புறம் நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். இரண்டு அணிகளையும் கலந்து பிரித்து, ஒரு பக்கம் சட்டையோடும் மறுபக்கம் சட்டையில்லாமலும் இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் இது வெளியுலகுக்குத் தெரியவில்லை.

பின்னாளில் டென்னசியில் மெக்லெண்டன் ஒரு கறுப்பினக் கல்லூரி அணிக்கு 1957, 58, 59 என்று தொடர்ந்து மூன்று தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்தார். 1979இல் கூடைப்பந்துப் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது, ஆனால் "பங்களிப்பாளர்" என்ற பிரிவில். பயிற்சியாளர் என்று சேர்த்தது 2016இல். அவர் இறந்து ஏறக்குறைய 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

உங்கள் மாணவி கேட்ட அந்த 55-60 கணக்கில், நெய்ஸ்மித்தின் இந்த மாணவர் வரவே இல்லை.