ஹிமேஜி கோட்டைக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஜப்பானின் ஹ்யோகோ மாநிலத்தில் இருக்கும் ஹிமேஜி கோட்டைக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: ஒசாகா கோட்டையை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். இன்னொரு கோட்டைக்காக ஒரு நாளைச் செலவழிக்கலாமா?

கட்டாயம் போங்கள். ஒசாகாவில் நீங்கள் ஏறிய கோபுரம் 1931-இல் கான்கிரீட்டில் கட்டப்பட்டது. உள்ளே லிஃப்ட்டும் அருங்காட்சியகமும்தான். ஹிமேஜியின் பெரிய கோபுரம் 1609-இல் இகெதா தெருமாசா என்ற பிரபு கட்டி முடித்த அதே மரக்கட்டடம். இப்படிப் பழைய கோபுரம் அப்படியே நிற்கும் கோட்டைகள் ஜப்பானில் மொத்தமே 12. அவற்றில் இதுதான் பெரியது. 1945 ஜூலையில் ஊரே குண்டுவீச்சில் எரிந்தபோது கோபுரத்தில் விழுந்த எரிகுண்டு வெடிக்காததால் இது தப்பியது.

கேள்வி: ஒசாகாவிலிருந்து எந்த ரயில்? ஷின்கான்சென் (புல்லட் ரயில்) அவசியமா?

அவசியமில்லை. ஒசாகா நிலையத்தில் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) 'ஷின்கைசொகு' விரைவு ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம். சுமார் 1,500 யென். முன்பதிவு தேவையில்லை. ஷின்கான்சென் அரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். ஆனால் அது ஷின்-ஒசாகா என்ற வேறு நிலையத்திலிருந்துதான் கிளம்பும், கட்டணமும் இரண்டு மடங்குக்கு மேல். ஜே.ஆர். கன்சாய் ஏரியா பாஸ் என்ற பயணச் சீட்டு வைத்திருந்தால் ஷின்கைசொகுவில் போகலாம், ஷின்கான்செனில் போக முடியாது. கன்சாய் வைட் ஏரியா பாஸ் என்றால் இரண்டிலும் போகலாம். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

ஹிமேஜி நிலையத்தின் வடக்கு வாசலில் வந்து நின்றாலே நேர்சாலையின் கோடியில் கோட்டை தெரியும். நடந்தால் 15 முதல் 20 நிமிடம். பெட்டிகளை நிலையத்து லாக்கரிலேயே போட்டுவிடுங்கள்.

கேள்வி: டிக்கெட் எவ்வளவு? எத்தனை மணிக்குப் போவது நல்லது?

2026 மார்ச் முதல் 18 வயது நிரம்பிய வெளியூர்க்காரர்களுக்கு 2,500 யென். அதற்குக் கீழே இலவசம். பல இணையப் பக்கங்களில் இன்னும் 1,000 யென் என்றே இருக்கிறது. அது இப்போது ஹிமேஜி நகரவாசிகளுக்கு மட்டும்.

காலை 9 மணிக்குத் திறப்பு, மாலை 5 மணிக்கு மூடல். ஆனால் 4 மணிக்கே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். மதியம் 3 மணிக்கு வந்து நிற்பவர்கள் கோபுரத்தை மட்டும் அவசரமாக ஏறி இறங்கிவிட்டுப் போகிறார்கள்; அது பாதிக் கோட்டைதான். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். 9 மணிக்கே வந்தால் முதலில் கோபுரம், கூட்டம் சேரும் நேரத்தில் மேற்கு வளாகமான நிஷினோமாரு. பத்தரைக்கு மேல் வந்தால் வரிசையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முட்டிவலி உண்டு. கோபுரம் ஏற முடியுமா?

யோசித்துச் செய்யுங்கள். வெளியிலிருந்து ஐந்து அடுக்காகத் தெரிந்தாலும் உள்ளே ஆறு தளம், கீழே ஒரு நிலவறை. லிஃப்ட் கிடையாது. மேலே போகப் போகப் படிகள் குறுகி, ஏணி மாதிரி செங்குத்தாகும். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குச் சோதனை. பின்னால் ஆள் வந்துகொண்டே இருப்பதால் நடுவில் நின்று இளைப்பாறவும் வழியில்லை. கோபுரத்துக்குப் போகும் பாதையிலேயே ஏற்றமும் கல்படிகளும் உண்டு.

அம்மாவுக்கு நான் சொல்வது: டிக்கெட் வாசலுக்கு முன்னாலுள்ள சன்னோமாரு மைதானம். தரை சமம், நுழைவு இலவசம், கோட்டை முழுசாகத் தெரிவதும் அங்கிருந்துதான். பிறகு பக்கத்திலேயே கோகோயென் தோட்டம். பழைய சாமுராய் குடியிருப்புகள் இருந்த இடத்தில் 1992-இல் திறந்தது. மதில் சூழ்ந்த ஒன்பது தோட்டங்கள், தேநீர் இல்லத்தில் உட்கார்ந்து மாட்சா (பச்சைத் தேயிலைத் தூள் தேநீர்) குடிக்கலாம். கோட்டைக்கும் தோட்டத்துக்கும் சேர்த்து வாங்கும் டிக்கெட் மலிவு.

கேள்வி: செருப்பைக் கழற்ற வேண்டுமாமே?

ஆமாம். ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக் கையோடு தூக்கிக்கொண்டேதான் ஏற வேண்டும். ஒரு கை அதற்கே போய்விடும் என்பதால் மற்றதையெல்லாம் முதுகுப்பையில் போட்டுக் கைப்பிடிக்கு ஒரு கையைக் காலியாக வையுங்கள். வழவழப்பான பழைய பலகைத் தரையில் நைலான் சாக்ஸ் வழுக்கும். பருத்தி சாக்ஸ் நல்லது. குளிர்காலத்தில் தரை ஐஸாக இருக்கும், இரண்டு ஜோடி போடுங்கள். உயரமானவர்கள் உத்திரத்தில் தலை இடிக்காமல் பார்க்கவும். கோபுரத்துக்குள் கழிப்பறை இல்லை.

கேள்வி: உள்ளே அறைகலனே இல்லை, வெறும் காலி அறைகள் என்கிறார்களே. எதைத்தான் பார்ப்பது?

பிரபு குடும்பம் வசித்த இடமல்ல அது, போருக்கான கட்டடம். அதனால் மேலே போகும் வழியிலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். ஹிஷி வாசலைத் தாண்டியதும் கோபுரம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். பாதையோ வளைந்து வளைந்து போகும். 'ஹா' வாசல் கடந்ததும் திரும்பிக் கோபுரத்துக்கு முதுகு காட்டி நடக்க வைக்கும். 'ஹோ' வாசல் சின்னது, இரும்புத் தகடு அடித்தது. கூட்டமாக நுழைய முடியாது. அதற்கப்புறம் கோபுரத்தின் காலடியிலேயே பாதை கீழ்நோக்கி இறங்கும். வழி தவறிவிட்டோமோ என்று எதிரி தயங்க வேண்டும், அந்த நேரத்தில் மேலிருந்து சுட வேண்டும், அதற்குத்தான் அத்தனை ஏற்பாடும்.

மதிலில் வட்டம், முக்கோணம், சதுரம், நீள்சதுரம் என்று துளைகள் வரிசையாக இருக்கும். உயரமான நீள்சதுரம் அம்புக்கு, மற்றவை துப்பாக்கிக்கு. குனிந்து ஒன்றின் வழியே பாருங்கள்: உட்பக்கம் அகலம், வெளிப்பக்கம் குறுகல். நீங்கள் சற்று முன் நடந்து வந்த பாதை அதற்குள் கச்சிதமாக அடங்கும்.

கோபுரத்துக்குள் முக்கியமானவை கிழக்கும் மேற்குமாக நிற்கும் இரண்டு பெருந்தூண்கள். ஒவ்வொன்றும் சுமார் 24.6 மீட்டர்; கட்டடத்தின் பாரமே அவற்றில்தான். கிழக்குத் தூண் பழையது, அடிப்பகுதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மேற்குத் தூணை 1956 முதல் 1964 வரை நடந்த திருப்பணியில் மாற்றினார்கள். அதற்கென வெட்டிய மரம் கொண்டுவரும் வழியில் முறிந்ததால் இன்னொரு மரத்தை ஒட்டுப் போட்டார்கள். அந்த ஒட்டு மூன்றாவது தளத்தில் இருக்கிறது, தேடிப் பாருங்கள். சுவரில் துப்பாக்கி மாட்டும் கொக்கிகள் வரிசையாக உண்டு. உச்சித் தளத்தில் ஒசாகாபே தெய்வத்தின் சிறு சன்னதி.

கேள்வி: நிஷினோமாருவை விட்டுவிட்டால் நஷ்டமா?

நஷ்டம்தான். மதிலோடு ஒட்டிய நீண்ட மரத் தாழ்வாரம், அதன் முடிவில் ஷோகன் (ராணுவ ஆட்சியாளர்) தொகுகவா இயெயாசுவின் பேத்தி சென்ஹிமே பயன்படுத்திய ஒப்பனைக் கோபுரம். படி ஏற்றம் குறைவு, ஆள் குறைவு. பெரிய கோபுரத்தைப் பக்கவாட்டில் படமெடுக்கவும் இங்கிருந்துதான் வசதி.

கேள்வி: செர்ரி பூக்கும்போது வரலாமா?

ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டிப் பூக்கும். அழகுக்கு ஈடில்லை, கூட்டத்துக்கும் அப்படியே. அந்த நாட்களிலும் மே மாதத் தொடக்க விடுமுறை வாரத்திலும் கோபுரம் ஏற எண் சீட்டு கொடுப்பதுண்டு. தீர்ந்தால் ஏற முடியாது. திறப்பதற்கு அரை மணி முன்பே வாசலில் நில்லுங்கள், சனி ஞாயிறு வேண்டாம். நிதானமாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு என் தேர்வு நவம்பர் பிற்பகுதி. கோகோயெனில் மேப்பிள் சிவந்திருக்கும்.

கேள்வி: கைக்குழந்தை இருக்கிறது. ஸ்ட்ரோலர்?

கோபுரத்துக்குள் முடியாது. மார்போடு கட்டும் கேரியர் கொண்டு வாருங்கள். முதுகில் கட்டினால் தாழ்ந்த உத்திரத்தில் குழந்தையின் தலை இடிக்கும்.

கேள்வி: சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

ஊரின் பேர்பெற்ற ஹிமேஜி ஓதென் (குழம்பில் வேகவைத்த பண்டங்கள்) வேண்டாம். குழம்பே மீன் சாறுதான். உதோன், சோபா நூடுல்ஸ் குழம்பும் அப்படியே. உமேபோஷி (உப்பிட்ட புளிப்புப் பழ ஊறுகாய்) வைத்த ஓனிகிரி என்ற சோற்று உருண்டை கடைகளில் கிடைக்கும், உறையில் உள்ள பொருள்பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். காபிக் கடைகளில் காலையில் தரும் பாதாம் வெண்ணெய் டோஸ்ட் இந்த ஊருக்கே உரியது.

கேள்வி: விடுமுறை நாள் உண்டா?

டிசம்பர் 29, 30 இரண்டு நாளும் மூடியிருக்கும்.