விரல் இடுக்கு மருதாணி

கேள்வி: எல்லாரும் கொண்டாடும் ஒரு கிராமத்துக் காதல் படம் பார்த்தேன். நம் டெல்டாவில் நடக்கிற கதை. குறுவை நடவில் காதல் தொடங்கி, பொங்கல் அறுப்பில் கல்யாணம் கூடுகிறது. கதாநாயகன் அவள் காலுக்கு மருதாணி வைத்துவிடும் இடத்தில் அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் ஏமாந்த மாதிரி இருந்தது. ஏன்? பல வருஷம் நடவுக்குப் போன என் அம்மாவை இந்தப் படத்துக்கு அழைத்துப் போகலாமா?
– ஒரு வாசகி, நீடாமங்கலம்

பதில்: மருதாணி என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் இருக்கிறது எல்லாம்.

நடவாள் காலுக்கு மருதாணி வைப்பது சேற்றுப்புண்ணுக்கு. நாளெல்லாம் சேற்றுத் தண்ணீரில் நின்றால் கால்விரல் இடுக்கில் தோல் ஊறி வெளுக்கும், பிய்யும், எரியும். அந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். ராத்திரி காலைக் கழுவி, இடுக்கில் ஈரம் இல்லாமல் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மருதாணி இலையை மஞ்சளோடு மையாக அரைத்து அப்பிக்கொண்டு படுப்பார்கள். ஈரத்தைத் துடைக்காமல் அப்பினால் புண் ஆறாது. சர்க்கரை இருக்கிறவர்கள் இதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். விடிந்தால் மறுபடி அதே சேறு. ஆறத் தொடங்கிய புண் திரும்பவும் பிளந்துகொள்ளும்.

படத்தில் அவன் பாதத்தில் வட்டம் போட்டுச் சுற்றிலும் புள்ளி வைக்கிறான். விரல் இடுக்கில் ஒரு பொட்டு மருதாணி இல்லை. நீங்கள் அழுதது அந்தப் பெண்ணுக்காக. ஏமாந்தது, சேற்றில் நின்ற கால் அங்கே இல்லாததால். இரண்டும் நியாயம்தான்.

அந்த நடவுப் பாட்டையும் நினைத்துப் பாருங்கள். முன்னால் நடந்துகொண்டே நடுகிறாள். அப்படி நட்டால் நட்டதையெல்லாம் அவளே மிதித்துவிடுவாள். நடவாள் குனிந்தபடி பின்னுக்குத்தான் நகர்வாள். குத்துக்கு இரண்டு மூன்று நாற்று, 3 சென்டிமீட்டர் ஆழம். அதற்கு மேல் அழுத்தினால் பக்கக் கிளை விட்டுத் தூர் கட்டுவது தள்ளிப்போகும். அவள் நிமிர்ந்து பேச நேரம் கிடைப்பது கையிலிருக்கும் நாற்றுமுடி, அதாவது நாற்றுக்கட்டு, தீர்ந்தால்தான். குரல் கொடுப்பாள், முடி சுமந்து வருகிறவன் அவளுக்குக் கை எட்டும் இடத்தில் வீசுவான். காதல் அங்கே முளைத்திருந்தால் மனசார நம்பியிருப்பேன். இவர்களோ கதாநாயகனைக் கொண்டுபோய்க் குடையோடு வரப்பில் நிறுத்திவிட்டார்கள். வரப்பில் குடை பிடித்து நின்றவன் யார், அவன் முன்னால் நடவாள் எப்படி நின்றாள் என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும்.

குறுவையில் நட்டதைப் பொங்கலுக்கு அறுப்பது எந்த ஊரில்? ஆடுதுறை 36, ஆடுதுறை 43 போன்ற குறுவை நெல் ரகங்களெல்லாம் விதைத்து 110 நாளில் அறுப்புக்கு வந்துவிடும். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து, ஆனி ஆடியில் நட்டால் புரட்டாசி, மிஞ்சினால் ஐப்பசித் தொடக்கம். தை வரை விட்டுவைத்தால் அடைமழையில் பயிர் சாய்ந்து, நெல் கதிரிலேயே முளைத்துவிடும். பொங்கலுக்கு அறுப்பது சம்பா. சி.ஆர். 1009 ரகம் என்றால் 155 நாளுக்கு மேல் ஆகும்.

அறுப்பும் அரிவாளில் நடக்கிறது. செல்போன் வைத்திருக்கும் காலத்துக் கதை இது. இப்போது வயலில் இறங்குவது பெல்ட் வண்டி, சேற்றிலும் ஓடும் அறுவடை மெஷின். நடவுக்கும் மெஷின் வந்து, அந்தப் பெண்களுக்குக் களை பறிப்பும், விட்டுப்போன இடத்தில் நாற்று வைக்கும் வழிநடவும்தான் மிச்சம். அறுத்த நெல் அரசின் கொள்முதல் நிலையத்துக்குப் போகும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே எடுக்க மாட்டார்கள். களத்தில் கொட்டி, காலால் வரி வரியாகத் தள்ளிக் காயவைத்து, இரவில் தார்ப்பாயை மூடிப் பக்கத்திலேயே காவல் படுக்க வேண்டும். அறுப்பு நாளில் மாப்பிள்ளை அங்கேதான் கிடப்பான். கிராமத்தைக் காட்டுகிறோம் என்பவர்கள் கொள்முதல் நிலையத்தை ஏன் காட்டுவதில்லை என்று இந்தப் பக்கத்தில் பல தடவை கேட்டாயிற்று. இன்னும் கேட்பேன்.

அம்மாவை அவசியம் அழைத்துப் போங்கள். மருதாணிக் காட்சியில் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், அடுத்த இதழில் இதே இடத்தில் போடுகிறேன்.