இகாலின் பேரம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆப்பிரிக்காவில் சோமாலியாவிலிருந்து பிரிந்த சோமாலிலாந்து பற்றிய குறிப்பில் முகமது ஹாஜி இப்ராஹிம் இகாலை 'நாடு கட்டியவர்' என்று எழுதியிருந்தீர்கள். 1960இல் அதைத் தெற்கே இருந்த சோமாலியாவோடு இணைத்தவரும் அவர், 1993இல் பிரிந்துபோன நாட்டுக்கு அதிபரானவரும் அவர். நடுவில் எதிர்க்கட்சி தொடங்கி, பிறகு ஆளுங்கட்சிக்கே தாவிப் பிரதமரானார். நம்மூரில் இப்படிப்பட்டவருக்கு வேறு பெயர் உண்டே?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

உண்டு, அது அவருக்குப் பொருந்தவும் செய்யும். ஆனால் பிரிவினையை அறிவித்தது அவரல்ல. 1991 மே மாதம் புராவோவில் அதைச் செய்தது சோமாலி தேசிய இயக்கம் என்ற கிளர்ச்சிப் படை. இரண்டு வருஷத்தில் அவர்கள் ஆட்சி தள்ளாட, போராமா நகரில் குலப் பெரியவர்கள் மாதக்கணக்கில் கூடிப் பேசி இகாலைத் தேர்ந்தெடுத்தார்கள். துப்பாக்கி தூக்கியவர்களை விட்டுவிட்டு, பழைய அரசியல்வாதி ஒருவரைத் தேடிப் போனார்கள்.

பழையவர்தான். பிரிட்டிஷ் சோமாலிலாந்து 1960 ஜூன் 26இல் விடுதலை பெற்றபோது அதன் தலைவர். ஐந்தே நாளில் இணைப்பு. அப்புறம் பாதுகாப்பு அமைச்சர், கல்வி அமைச்சர், 1962இல் ராஜினாமா, 1967இல் பிரதமர். கென்யாவோடு எல்லைப் பகையைத் தணித்தார். அதற்கு உள்ளூரில் திட்டும் வாங்கினார்.

1969 மார்ச் தேர்தலிடம் கொஞ்சம் நிற்கவேண்டும். 123 இடங்களுக்கு 64 கட்சிகள், ஆயிரத்துக்கும் மேல் வேட்பாளர்கள். பெரும்பாலான கட்சிகள் ஏதோ ஒரு குலத்தின் கிளைக்கு மட்டுமானவை. இகாலின் சோமாலி இளைஞர் கழகம் 73 இடம் பிடித்தது. ஜெயித்த மற்றவர்களும் கூட்டமாக ஆளும் தரப்புக்கு வந்து உட்கார்ந்தார்கள். தேர்தலில் கொட்டிய காசை எடுக்க வேண்டுமே! எதிரே மிஞ்சியவர் முன்னாள் பிரதமர் அப்திரிஸாக் ஹாஜி ஹுசைன் ஒருவர்தான். அக்டோபரில் அதிபர் ஷெர்மார்கே சுட்டுக்கொல்லப்பட்டு, ஆறு நாளில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அந்தச் சட்டமன்றத்துக்காக வருத்தப்பட்டவர்கள் குறைவு. இகாலைச் சிறையில் அடைத்தார் ராணுவ ஆட்சியின் தலைவர் சியாத் பாரே. இடையில் இந்தியாவுக்குத் தூதராக அனுப்பினார், திரும்ப அழைத்து மறுபடி உள்ளே போட்டார். இகால் வெளியே வந்தது 1985இல்.

சோமாலிலாந்துத் தலைநகர் ஹர்கேசாவில் அதிபரான பிறகும் அவர் செய்தது அதே பேரம்தான். வணிகர்களிடம் கடன் வாங்கினார்; பெர்பெரா துறைமுகத்தில் அவர்கள் கட்டவேண்டிய சுங்கத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அந்தக் காசில் குலப்படை ஆட்களைச் சம்பளப் பட்டியலில் ஏற்றினார். சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் நாற்காலி வாங்கித் தந்த சாமர்த்தியம் இங்கே துப்பாக்கியை இறக்கவைத்தது. எல்லா இடத்திலும் அல்ல. ஹர்கேசா விமான நிலையத்தில் பயணிகளிடம் வசூல் நடத்திய ஒரு குலப்படையோடு 1994இல் சண்டை மூண்டு, ஏராளமானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். இந்த விஷயத்தில் அவருக்காக வாதாட நான் வரமாட்டேன்.

2001இல் மக்கள் வாக்களித்து ஏற்ற அரசியல் சட்டம், மூன்று கட்சிகளுக்கு மேல் கூடாது என்கிறது. 64 கட்சிகளைப் பார்த்து நொந்தவர் போட்ட விதியாகவே எனக்குத் தெரிகிறது. அடுத்த ஆண்டு இகால் பதவியிலேயே இறந்தார். துணை அதிபர் ரியாலே பொறுப்பேற்றார். 2003 அதிபர் தேர்தலில் ரியாலே ஜெயித்ததாகத் தேர்தல் ஆணையம் அறிவித்த வித்தியாசம் வெறும் 80 ஓட்டு. தோற்ற சிலான்யோ, பிரிவினையை அறிவித்த சோமாலி தேசிய இயக்கத்துக்கே ஒரு காலத்தில் தலைவராக இருந்தவர். அவர் கோர்ட்டுக்குப் போனார், அங்கும் தோற்றார், ஏழு வருஷம் காத்திருந்து 2010இல் ஓட்டு வாங்கியே அதிபரானார்.