முதலில் எந்த லூவன் என்று பார்

போன மாதம் ஊருக்கு, மட்டக்களப்புக்கு, வந்திருந்தபோது கல்லடிப் பாலத்தடியில் ஒரு தம்பி பிடித்துக்கொண்டான். செப்டம்பரில் பெல்ஜியம் வருகிறானாம், லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுமாணி. "அண்ணா, நாங்க சைவம். பூசைக்குப் போகச் சொல்லுவாங்களா? பாதர்மாரா படிப்பிக்கிறது?" அன்றைக்கு மழை வந்து கதை பாதியில் நின்றது. மீதி இது.

தம்பி, நீ மைக்கல் கல்லூரிப் பிள்ளை. 1873இல் தொடங்கிய கத்தோலிக்கப் பள்ளி, யேசு சபைக் குருமார் பல காலம் நடத்தியது. நீ விபூதியோடுதானே போனாய்? இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1425இல் பாப்பரசர் ஐந்தாம் மார்ட்டின் கொடுத்த ஆணையில் பிறந்த இடம். 1797இல் பிரெஞ்சுக்காரர் மூடினார்கள். 1834இல் ஆயர்கள் மெக்கலன் நகரில் மறுபடி தொடங்கி, அடுத்த வருடமே லூவனுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது காசில் பெரும்பங்கு பிளெமிஷ் அரசினுடையது, அதாவது டச்சு பேசும் வடக்குப் பகுதியின் அரசு. ஆளுவது ரெக்டர், பல்கலைக்கழகத்தின் தலைவர்; அவரைத் தேர்தல் வைத்துத்தான் எடுப்பார்கள். 2025இல்தான் முதன்முறையாக ஒரு பெண் வந்தார், 600 வருடம் கழித்து! 19 வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், ஒருத்தரும் என்னைப் பூசைக்குக் கூப்பிட்டதில்லை.

இங்கே ஆளை ஆள் பிரித்தது சமயம் இல்லை, மொழி. நம்மவருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. டச்சு பேசும் ஊரில் பிரெஞ்சிலும் பாடம் நடந்தது. 1960களில் "வலோன்காரர் வெளியே" என்று டச்சு பேசும் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள்; வலோன்காரர் என்றால் பிரெஞ்சு பேசும் தெற்குப் பகுதிக்காரர். 1968இல் அந்தச் சண்டையில் அரசாங்கமே கவிழ்ந்தது. பல்கலைக்கழகம் இரண்டானது. பிரெஞ்சுப் பக்கத்துக்கு வயல்வெளியில் புது நகரமே கட்டினார்கள், பெயர் லூவேன்-லா-நெவ். நூலகத்தை எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? தட்டு எண் ஒற்றையென்றால் ஒரு பக்கம், இரட்டையென்றால் மறுபக்கம். ஒரே தொடரின் பாகங்களும் பிரிந்து போயினவாம். காணி பிரிக்கும்போது கிணற்றைக் கயிறு பிடித்து அளந்த கதைதான்.

நான் வந்த புதிதில் புகையிரத நிலையத்தில் "லூவேன்" என்று பிரெஞ்சு வாயில் கேட்டுவிட்டேன். டிக்கெட் தந்தவர் புது லூவேனுக்குத் தந்தார். ஒட்டிஞ்ஞியில் வண்டி மாறி, நிலத்துக்குக் கீழே ஒரு நிலையத்தில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு மேலே வந்தால் எல்லாப் பலகையும் பிரெஞ்சில். ஒன்றரை மணித்தியாலம் அலைந்தேன். நீ 'லேவன்' என்று சொல். அனுமதிக் கடிதத்தில் கே.யு. லூவன் (டச்சுப் பக்கம்) என்று இருக்கிறதா, யு.சி.லூவேன் (பிரெஞ்சுப் பக்கம்) என்று இருக்கிறதா, அதையும் பார்.

பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் டச்சு கொஞ்சம் படி. அறையை இங்கே 'கொட்' என்பார்கள், இப்போதே தேடு. அப்புறம், வெள்ளி பின்னேரம் இந்த நாட்டுப் பிள்ளைகள் உருட்டுப் பெட்டியோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கல் பதித்த தெரு முழுக்கக் கடகட சத்தம். ஞாயிறு இரவு வரை ஊர் வெறிச்சோடிக் கிடக்கும், கடைகளும் ஞாயிறு அநேகமாகப் பூட்டு. அரிசி, பருப்பை வெள்ளிக்கு முன்னமே வாங்கி வை, மனே.