உப்புக்காற்றும் உப்புத்தாளும்

கேள்வி: 1990களில் வந்த ஸ்டீல் மவுண்டன் பைக் ஒன்று இருக்கிறது. பெயின்ட் மங்கி, அங்கங்கே துரு. உரித்துவிட்டுப் புதிதாக அடிப்பதா, இருப்பதையே காப்பாற்றுவதா?

உரிக்காதீர்கள். பெயின்ட்டைப் பற்றி யோசிக்கும் முன் சைக்கிளைக் கவிழ்த்துப் பாருங்கள்.

நான் இருப்பது புதுச்சேரியில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில். ஆரோவில் பக்கம் வீட்டைக் காலி செய்து ஊர் திரும்பிய யாரோ விட்டுப்போன சைக்கிள், இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. நீல நிறக் குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) ஃபிரேம். வெயிலில் வெளுத்ததைத் தவிர வெளியே பெரிய குறை தெரியவில்லை. சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டைக் கழற்றி, சைக்கிளைக் கவிழ்த்தேன். டிகாஷன் நிறத்தில் அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது, அடியில் துருமண்டியோடு.

கழற்றினேன் என்று சுலபமாக எழுதிவிட்டேன், அதற்கே மூன்று நாள் ஆனது. போஸ்ட் அலுமினியம், ஃபிரேம் ஸ்டீல். நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் வெள்ளைப் பொடி பூத்து இரண்டும் கவ்விக்கொள்ளும். காலையும் மாலையும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, சீட்டைப் பிடித்து இடமும் வலமுமாக முறுக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் 'கிறீச்' என்று வழிவிடும். சுத்தியலை எடுக்க வேண்டாம். திரும்ப மாட்டும்போது கிரீஸ் தடவுங்கள்.

முதலியார்பேட்டையில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். ஓவராயில் பண்ணுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சைக்கிளைப் பார்த்ததும், "தம்பி, உப்புத்தாள் போட்டு, பட்டி வச்சு, ரெண்டு கோட் அடிச்சா ஷோரூம் வண்டி" என்றார். நம் ஊர் கறுப்பு சைக்கிளுக்கு அது சரி. ஆனால் நல்ல குரோமோலி குழாய்களின் நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அழுத்தித் தேய்த்தாலோ மணல் வீச்சில் விட்டாலோ உலோகமும் கொஞ்சம் போகும். ஸ்டிக்கர் போனால் திரும்ப வராது. துருவை முழுசாக எடுக்காமல் மேலே பெயின்ட் அடித்தால், கடலோரத்தில் ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பிவிடும். அவர் சொல்லும் முன்பே நானும் உப்புத்தாளை எடுத்தவன்தான். பின்சக்கரத்தை ஒட்டிய குழாயில் இருந்த எழுத்தில் பாதி இன்று இல்லை.

சரி, காப்பாற்றும் வழி. முதலில் ஷாம்புத் தண்ணீரில் கழுவுங்கள். ஸ்டிக்கர் பக்கம் தின்னரும் பெட்ரோலும் போகவே கூடாது. அப்புறம் பழைய பனியன் துணியில் கொஞ்சம் கார் பாலிஷ் தொட்டு, கண்ணில் படாத இடத்தில் தேயுங்கள். துணியில் நிறம் ஒட்டினால் பெயின்ட்டுக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு இல்லை, தேய்ப்பது பெயின்ட்டையேதான் என்று அர்த்தம். கை மெதுவாக இருக்கட்டும். என் துணி நீலமானது. ஆனால் சுண்ணாம்பு படிந்த மாதிரி இருந்த இடத்திலிருந்து பழைய நீலம் மேலே வந்தது.

துருவுக்கு ஆக்ஸாலிக் ஆசிட். மொசைக் தரை பாலிஷ் போடுபவர்கள் வாங்கும் அதே வெள்ளைப் பொடி, கெமிக்கல் கடையில் கிடைக்கும். 10 லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் அளவில் கலந்தேன். துணியை நனைத்துத் துருவின் மேல் சுற்றி, பாலிதீன் கவரால் மூடி, சில மணிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். துரு கரைகிறது, பெயின்ட் பெரும்பாலும் தப்பிக்கிறது. பெரும்பாலும்தான். சில நிறங்கள் வெளுக்கும், அதனால் பெடல் கிராங்க் மாட்டும் இடத்தில், ஃபிரேமின் அடிப்புறத்தில் சோதித்துவிட்டு இறங்குங்கள். அலுமினியப் பாகங்களில் படக் கூடாது. இது விஷம். கையுறை போடுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, வெயிலில் காய்ந்த கையோடு மெழுகோ டச்சப்போ போட்டுவிட வேண்டும். வெறும் இரும்பாக ஒரு ராத்திரி விட்டால் மறுபடி பழுப்பேறும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

டச்சப்புக்கு நெயில் பாலிஷ். ஃபேன்சி ஸ்டோரில் நீலத்தில் ஏழெட்டுப் புட்டிகளைப் பிரித்துப் பார்க்க, கடைக்கார அம்மா, "யாருக்கு சார்?" என்றார். சைக்கிளுக்கு என்றேன். சீட் கிளாம்ப்புக்கு அடியில் வெளுக்காத அசல் நிறம் இருக்கும், அதை நம்பி வாங்கினால் திட்டாகத் தெரியும். வெளுத்த நிறத்துக்குப் பொருத்துங்கள்.

உட்புறம்தான் முக்கியம். பெயின்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) கேளுங்கள். குழாய்க்குள் விட்டு எல்லாப் பக்கமும் உருட்டி, மிச்சத்தை வடித்துவிட்டு, ஒரு வாரமாவது காயவிடுங்கள். உள்ளே படலமாக இறுகும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

டயர் கவலை வேண்டாம், 26 x 1.95 சாதாரணமாகக் கிடைக்கிறது. பக்கவாட்டில் 559 என்று இருக்கிறதா பாருங்கள், டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் அது, மில்லிமீட்டரில். 26 x 1 3/8 என்றால் அது 590, ஏறாது.

மழையில் நனைந்தால் சீட் உயரத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிட்டு, போஸ்ட்டைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். போன ஐப்பசியில் நான் கவிழ்த்தபோது நாலு சொட்டு விழுந்தது. தெளிந்த தண்ணீர்.