ஒரே பிளேடு: ஒரு ரேசரில் சாது, இன்னொன்றில் முரடு. ஏன்?

பிளேடு மாற்றிப் போடும் சேஃப்டி ரேசரில் வித்தியாசம் அதன் தலையில் இருக்கிறது. மேல்மூடிக்கும் கீழே உள்ள தடுப்புப் பட்டைக்கும் ஒரு கோடு இழுத்தால், தோல் ஏறக்குறைய அந்தக் கோட்டில்தான் படியும். பிளேடின் முனை கோட்டுக்கு உள்ளே ஒதுங்கியிருந்தால் அது மென்மையான ரேசர்; வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முரட்டு ரேசர்.

பலர் பிளேடுக்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளியை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். அது பாதிக் கதைதான். இடைவெளி அதிகமாக இருந்தும் முனை உள்ளடங்கியிருந்தால் ரேசர் சாதுவாகவே நடந்துகொள்ளும். ரேசரின் தலை பிளேடை முனைக்கு அருகில் இறுக்கிப் பிடிக்கிறதா என்பதும் முக்கியம். பிடி தளர்ந்தால் தடித்த முடியில் பிளேடு அதிரும்; எரிச்சல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

ஜெர்மனியின் மியூலே நிறுவனம் இரண்டு துருவத்தையும் விற்கிறது: ஆர்89 மென்மையானது, ஆர்41 அசல் முரடு. பட்டைக்குப் பதில் சீப்புப் பற்கள் இருந்தாலே முரடு என்று சொல்வது மிகை; அவற்றால் நுரை வழித்துக்கொண்டு போகாமல் தோலில் தங்கும், நீண்ட தாடிக்கும் வசதி. கில்லெட் 1950களின் இறுதியில் கொண்டுவந்த மாடலில் 1 முதல் 9 வரை திருகி முரட்டுத்தனத்தை மாற்றலாம்.

தினமும் சவரம் செய்பவருக்கு மென்மையான ரேசரே போதும். வாரம் ஒருமுறை, அடர்ந்த தாடி என்றால் சற்று முரடானது வேலையை விரைவில் முடிக்கும். எதுவானாலும் பிளேடு தோலுக்குச் சுமார் 30 பாகைச் சாய்வில் இருக்கும்படி பிடியுங்கள். அழுத்தாதீர்கள், ரேசரின் எடையே போதும்.