வாசகர் கேள்வி - பதில்: நாப்கின் பசையில் சூட்டைக் குறைக்கலாமா?

கேள்வி: சிறிய அளவில் சானிட்டரி நாப்கின் தயாரிக்கிறோம். ஹாட்மெல்ட் பசையை (சூட்டில் உருக்கி ஒட்டும் பசை) 160 டிகிரியில் ஸ்பிரே செய்தால் அடிப்பக்க பாலித்தீனில் ஊசித் துளைகள் விழுகின்றன. 130-க்கு இறக்கினால் பசை திட்டுத் திட்டாக விழுகிறது. குறைந்த சூட்டுப் பசைக்கு மாறினால் சரியாகுமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பெரும்பாலும் சரியாகும். ஆனால் இருக்கிற பசையையே சூடு குறைத்து ஓட்டாதீர்கள். அது 150-160 டிகிரியில் ஓடுவதற்கென்று கலக்கப்பட்டது. 130-ல் கெட்டிப்பட்டுவிடும், காற்றால் அதை மெல்லிய இழையாக இழுக்க முடியாது. குறைந்த சூட்டுப் பசை 120-130 டிகிரியிலேயே தளர்ந்து ஓடும். வாங்கும்போது அந்தச் சூட்டில் அதன் பாகுத்தன்மை (ஓடும்போது எவ்வளவு கெட்டி என்பது) எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். 160 டிகிரிக்கான எண் உங்களுக்கு உதவாது.

பாலித்தீன் 110 டிகிரியை ஒட்டியே உருகிவிடுமே என்று தோன்றலாம். சதுர மீட்டருக்கு 2-4 கிராம் என்ற மெல்லிய இழை, ஷீட்டைத் தொடுவதற்குள் ஆறத் தொடங்கிவிடும். சொட்டாக விழுந்தால்தான் ஆபத்து. ஓட்டை விழுந்த ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பசை சுருளாக விழுந்த கோட்டின் வழியே துளைகள் இருந்தால் சூடு அதிகம். ஒவ்வொரு பேடின் தொடக்கத்திலோ முடிவிலோ மட்டும் இருந்தால் நாசில் (பசை பீய்ச்சும் முனை) வால்வு சரியாக மூடாமல் சொட்டுகிறது. பசையை மாற்றினாலும் அது தீராது.

பலரும் மறப்பது ஸ்பிரே காற்றின் ஹீட்டரை. பசைச் சூட்டைவிட 10-20 டிகிரி மேலே இருந்தால் போதும். பழைய செட்டிங்கிலேயே விட்டால் ஷீட் மறுபடியும் சுருங்கும்.

மாற்றும்போது பழைய பசையை முழுதாக வடித்து, டேங்க் சுவரில் படிந்த கரியைச் சுரண்டி, ஃபில்டரை மாற்றிவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். இல்லையெனில் அந்தக் கரி கழன்று வந்து நாசிலை அடைக்கும். மெஷின் அரை மணிக்கு மேல் நின்றால் டேங்க் சூட்டைக் குறைத்து வையுங்கள்.

குறைந்த சூட்டுப் பசை சீக்கிரம் இறுகிவிடும். அழுத்து ரோலர் நாசிலுக்கு அருகில் இருக்க வேண்டும். சில வகைகள் உடல் சூட்டிலேயே இளகும். மாதிரி பேடுகளை 40 டிகிரியில் ஓர் இரவு வைத்து, ஈரப்படுத்தி, பிரித்துப் பார்த்த பிறகே மொத்தமாக வாங்குங்கள்.

கேள்வி: உள்ளாடையில் ஒட்டும் பகுதிக்கும் இதையே பூசலாமா?

பதில்: கூடாது. அதற்கு ஒட்டியபின் சுத்தமாகப் பிரிந்து வரும் தனிப் பசை உண்டு. பேடின் அடுக்குகளை ஒட்டும் இந்தக் கட்டுமானப் பசையைப் பூசினால் துணியில் பிசுக்கு தங்கிவிடும்.